வீல்சேர்ல இருக்கறவங்களோட ரயில் ஏறணுமா? சர்டிபிகேட்டுல ஆரம்பிச்சு லோயர் பெர்த் வரைக்கும்

என் தம்பிக்கு தசைச்சிதைவு. ரொம்ப வருஷமா வீல்சேர்தான். அவனை ஊருக்கு, ஆஸ்பத்திரிக்கு, கல்யாணத்துக்குன்னு எங்க கூட்டிட்டுப் போனாலும் கார் வாடகைக்கே பாதி சம்பளம் போயிட்டு இருந்துச்சு. ரயில்ல சலுகை இருக்குன்னு எல்லாரும் சொல்வாங்க, ஆனா அதை எப்படி வாங்கறது, எந்த பேப்பர் எங்க குடுக்கணும்னு முழுசா சொல்ல ஒருத்தரும் கிடைக்கல, ஒவ்வொரு கவுண்டர்லயும் அடுத்த கவுண்டரைத்தான் கை காட்டினாங்க. நாங்க அலைஞ்சு தெரிஞ்சுக்கிட்டதை இங்க வரிசையா எழுதறேன், இதைப் படிக்கற ஒரு குடும்பமாவது அந்த அலைச்சல் இல்லாம ரயில் ஏறட்டும்.

ஒரு விஷயம் முதல்லயே மனசுல பதிய வச்சுக்கோங்க. கவர்மெண்ட் குடுக்கற மாற்றுத்திறனாளி அட்டை (யுடிஐடி கார்டு) வேற, ரயில்வே குடுக்கற சலுகை அட்டை வேற. முதல் அட்டையை மட்டும் வச்சுக்கிட்டு சலுகை டிக்கெட் போட வந்து திரும்பிப் போற குடும்பங்கள் நிறைய. ரெண்டாவது அட்டை வாங்க தனியா ஒரு ஃபார்ம், தனியா ஒரு டாக்டர் கையெழுத்து, தனியா காத்திருப்பு இருக்கு. அதனால பயணத் தேதிக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடியே ஆரம்பிங்க, கையில ஒரு அட்டையும் இல்லன்னா நாலஞ்சு மாசம் முன்னாடி.

1. உங்க வீட்டு ஆளுக்கு சலுகை உண்டான்னு பாருங்க

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 21 வகை மாற்றுத்திறனை ஏத்துக்குது. ஆனா ரயில்வே கட்டணச் சலுகை அந்த 21 வகைக்கும் கிடையாது, நாலு வகைக்குத்தான்:

- கை கால் பாதிப்பு இருந்து, துணை இல்லாம பயணம் செய்ய முடியாதவங்க
- அறிவுசார் குறைபாடு இருந்து, துணை இல்லாம பயணம் செய்ய முடியாதவங்க
- பார்வை முழுக்க இல்லாதவங்க
- கேட்கற திறன், பேசற திறன் ரெண்டுமே முழுசா இல்லாதவங்க

முதல் ரெண்டு வகைல "துணை இல்லாம முடியாது" அப்படிங்கற வார்த்தைதான் எல்லாமே. ஒரு கால்ல மட்டும் போலியோ பாதிப்பு, ஊன்றுகோல் வச்சு தனியா போயிட்டு வருவாருன்னா, யுடிஐடி கார்டுல 60 சதவீதம்னு போட்டிருந்தாலும் ரயில்வே சலுகை மறுக்கப்படலாம். இது எனக்கு சரியான விதியாவே படல. ஊன்றுகோலோட நடக்கறவருக்கும் செலவு மத்தவங்களைவிட அதிகம்தான், ஆட்டோ இல்லாம அவரால ஸ்டேஷனுக்கே வர முடியாது. ஆனா இன்னிக்கு நிலைமை இது, தெரிஞ்சுக்கிட்டு இறங்கினா வீண் அலைச்சல் மிச்சம். சலுகை கிடைக்காட்டியும் ஸ்டேஷன்ல வீல்சேர் உதவி எல்லாருக்கும் உண்டு, அந்தப் பகுதியை மட்டும் கீழ படிங்க.

எவ்வளவு சலுகைன்னா, முதல் மூணு வகைக்கு செகண்ட் கிளாஸ், ஸ்லீப்பர், தேர்ட் ஏசி, ஏசி சேர் கார் இதுல எல்லாம் 75 சதவீதம் தள்ளுபடி. செகண்ட் ஏசி, ஃபர்ஸ்ட் ஏசில 50 சதவீதம். ராஜதானி, சதாப்தில தேர்ட் ஏசிக்கும் சேர் காருக்கும் 25 சதவீதம்தான். நாலாவது வகைக்கு செகண்ட் கிளாஸ், ஸ்லீப்பர்ல 50 சதவீதம். கூட வர்ற ஒருத்தருக்கும் அதே அளவு சலுகை, இதைப் பல பேர் கேக்கறதே இல்ல.

2. யுடிஐடி கார்டு இல்லன்னா அதை முதல்ல வாங்குங்க

இது மத்திய அரசோட ஸ்வாவலம்பன் கார்டு தளத்துல அப்ளை பண்றது. ஆதார், ஆறு மாசத்துக்குள்ள எடுத்த போட்டோ, கையெழுத்து அல்லது கைநாட்டு, முகவரிச் சான்று இவ்வளவுதான். பீஸ் கிடையாது. வெளிய கம்ப்யூட்டர் சென்டர்ல போட்டா அவங்க சர்வீஸ் சார்ஜ் மட்டும் ஆகும். அப்ளை பண்ணும்போது எந்த அரசு ஆஸ்பத்திரின்னு நீங்கதான் தேர்ந்தெடுக்கணும். படி ஏறாம உள்ள போக முடியற ஆஸ்பத்திரியா, வீட்டுல இருந்து போக வசதியான இடமான்னு யோசிச்சுப் போடுங்க.

அப்புறம் மருத்துவப் பரிசோதனைக்குக் கூப்பிடுவாங்க. பல மாவட்டத்துல கலெக்டர் ஆபீஸ்ல இருக்கற மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துலயே எந்தக் கிழமை எந்த ஆஸ்பத்திரில முகாம்னு சொல்லிடுவாங்க, போன் பண்ணிக் கேட்டுட்டுக் கிளம்புங்க. பழைய எக்ஸ்ரே, ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி, முன்னாடி வாங்கின பழைய ஊனமுற்றோர் அட்டை எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல போட்டு எடுத்துட்டுப் போங்க, அங்க போய் திரும்ப எக்ஸ்ரே எடுக்கச் சொன்னா இன்னொரு நாள் போயிடும்.

2024ல விதி மாத்தினதுக்கு அப்புறம் ஆஸ்பத்திரிக்கு மூணு மாசம் வரைக்கும் அவகாசம் இருக்கு, முன்னாடி ஒரு மாசமா இருந்துச்சு. கார்டுக்கு கலரும் வந்துடுச்சு: 40 சதவீதத்துக்குக் கீழ வெள்ளை, 40ல இருந்து 80க்குள்ள மஞ்சள், 80ம் அதுக்கு மேலயும் நீலம். தபால்ல கார்டு வர்றதுக்காகக் காத்திருக்க வேணாம், தளத்துலயே டவுன்லோட் பண்ணிக்கலாம்.

இங்க ஒரு பொறி இருக்கு, நம்ம ஊர்க்காரங்க எல்லாரும் மாட்டறது: இனிஷியல். ஆதார்ல "குமார் எஸ்", பள்ளி சர்டிபிகேட்ல "எஸ். குமார்", ரேஷன் கார்டுல அப்பா பேரோட "குமார் செல்வராஜ்". யுடிஐடில ஒரு மாதிரியும் ரயில்வே அட்டைல ஒரு மாதிரியும் விழுந்தா பின்னாடி ஒவ்வொரு இடத்துலயும் நிறுத்துவாங்க. ஆதார்ல எப்படி இருக்கோ எழுத்துக்கு எழுத்து அதையே எல்லா இடத்துலயும் போடுங்க. ஆதாரே தப்பா இருந்தா வேற எதையும் தொடறதுக்கு முன்னாடி அதைத் திருத்துங்க.

3. ரயில்வே ஃபார்ம்ல அரசு டாக்டர் கையெழுத்து

ரொம்ப நேரம் தின்னறது இந்தப் படிதான், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

ரயில்வே சலுகைச் சான்றிதழுக்குன்னு தனி ஃபார்ம் இருக்கு, மேல சொன்ன வகைகளுக்கு ஏத்த மாதிரி. ரயில்வே தளத்துல இருந்து எடுக்கலாம். உங்களுக்கு எந்த வகையோ அந்த ஃபார்மை ரெண்டு மூணு பிரிண்ட் எடுத்து வச்சுக்கோங்க, ஏன்னா "திருத்தம் அனுமதி இல்லை"ன்னு ஃபார்ம்லயே போட்டிருக்கு, ஒரு எழுத்து அடிச்சு எழுதினாலோ வொயிட்னர் போட்டாலோ ரிஜெக்ட் பண்ணிடுவாங்க. டாக்டரே தெரியாம அடிச்சு எழுதிட்டா அந்த இடத்துலயே புது ஃபார்ம் நீட்டுங்க. கூச்சப்படாதீங்க, பின்னாடி ரிஜெக்ட் ஆனா மறுபடி அந்த டாக்டரைப் பாக்க ஆளைத் தூக்கிட்டு வரப்போறது நீங்கதான்.

அரசு ஆஸ்பத்திரி டாக்டர்தான் கையெழுத்துப் போடணும். கை கால் பாதிப்புக்கு எலும்பு டாக்டர், பார்வைக்குக் கண் டாக்டர், கேட்கறதுக்கு காது மூக்கு தொண்டை டாக்டர், அறிவுசார் குறைபாட்டுக்கு மனநல டாக்டர்னு அந்தந்தப் பிரிவுல போங்க. காலைல சீக்கிரம் ஓ.பி. சீட்டு போட்டுட்டு, கூட்டம் வடிஞ்சப்புறம் கடைசில கேட்டா டாக்டர் நிதானமா எழுதுவார், பரபரப்பான நேரத்துல நீட்டினா "அப்புறம் வாங்க"ன்னுதான் வரும்.

கையெழுத்து வாங்கினதும் அந்த ரூமை விட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடி இதெல்லாம் இருக்கான்னு பாருங்க:

- டாக்டரோட முழுப் பேர், பதிவு எண் இருக்கற சீல்
- ஆஸ்பத்திரியோட சீல்
- தேதியும் இடமும்
- போட்டோ மேல பாதி, பேப்பர் மேல பாதியா விழற மாதிரி கையெழுத்தும் சீலும்
- தற்காலிகமா நிரந்தரமான்னு டிக் பண்ணின இடம்
- துணை இல்லாம பயணம் முடியாதுங்கற வரி அடிக்கப்படாம இருக்கறது

அந்த போட்டோ மேல சீல் விழறதுதான் அதிகமா விட்டுப்போகுது. எங்களுக்கு ஒரு ஆஸ்பத்திரில சீல் இன்னொரு கட்டடத்துல இருக்கு, நாளைக்கு வாங்கன்னு சொன்னாங்க, தம்பியை வெயில்ல வீல்சேர்ல உக்கார வச்சுட்டு நான் அந்தக் கட்டடத்துக்கு ஓடினேன், அங்க ரேம்ப் கிடையாது. மாற்றுத்திறனாளிக்கு சர்டிபிகேட் குடுக்கற இடத்துலயே படி வச்சிருக்காங்கன்னா அதை யார்கிட்ட சொல்லி அழறது. நீங்க போகும்போது கூட இன்னொரு ஆளைக் கூட்டிட்டுப் போங்க, ஒருத்தர் ஓட, ஒருத்தர் பக்கத்துல இருக்க.

சான்றிதழ் எவ்வளவு நாள் செல்லும்னா, நிரந்தர பாதிப்புல 25 வயசு வரைக்கும் 5 வருஷம், 26ல இருந்து 35 வரைக்கும் 10 வருஷம், 35 தாண்டினா வாழ்நாள் முழுக்க.

ஆஸ்பத்திரி வாசல்ல "நான் வாங்கித் தரேன், அலைய வேணாம்"னு சொல்ற புரோக்கர் கிட்ட போகாதீங்க. ரயில்வே இந்தச் சான்றிதழைக் குடுத்த ஆஸ்பத்திரிக்கே அனுப்பி உண்மையான்னு சரிபார்க்கும். அங்க ரெஜிஸ்டர்ல பேர் இல்லன்னா காசும் போச்சு, பொய்ச் சான்றுன்னு வழக்கும் வரும்.

4. ரயில்வே அடையாள அட்டைக்கு ஆன்லைன்ல போடுங்க

முன்னாடி கோட்ட மேலாளர் ஆபீசுக்கே நேர்ல போகணும், இப்ப ரயில்வேயோட திவ்யாங்ஜன் அட்டைத் தளத்துல வீட்டுல இருந்தே போடலாம், இது ஒரு பெரிய நிம்மதி. பீஸ் இல்ல. ஸ்கேன் பண்ணி வைக்க வேண்டியது: போன படில வாங்கின சலுகைச் சான்றிதழ், யுடிஐடி அல்லது மாற்றுத்திறனாளி சான்றிதழ், ஆதார், பிறந்த தேதிச் சான்று, முகவரிச் சான்று, போட்டோ. மொபைல்ல போட்டோ எடுத்தா சீல்ல இருக்கற எழுத்து மங்கிடும், ஜெராக்ஸ் கடைல 20, 30 ரூபா குடுத்து கலர் ஸ்கேன் எடுத்துடுங்க.

எந்தக் கோட்டம்னு சரியாத் தெரிஞ்சுக்கோங்க. தெற்கு ரயில்வேல சென்னை, திருச்சி, மதுரை, சேலம், பாலக்காடு, திருவனந்தபுரம்னு ஆறு கோட்டம். மாவட்ட எல்லையும் ரயில்வே எல்லையும் ஒண்ணு கிடையாது. கோயம்புத்தூர்க்காரங்களுக்கு சேலம் கோட்டம், பொள்ளாச்சிக்கு பாலக்காடு, திருநெல்வேலிக்கு மதுரை, நாகர்கோவில்காரங்களுக்கு திருவனந்தபுரம். ஓசூர் தெற்கு ரயில்வேலயே வராது, தென்மேற்கு ரயில்வேயோட பெங்களூரு கோட்டம். நீங்க இருக்கற இடமோ, சான்றிதழ் குடுத்த ஆஸ்பத்திரி இருக்கற இடமோ அந்தக் கோட்டத்துக்குள்ள வரணும்.

போட்டதும் சரிபார்ப்பு. ஆஸ்பத்திரில இருந்து பதில் வர்றதுலதான் தாமதம் ஆகும், ஒரு மாசத்துக்கு மேலயும் இழுக்கும். ரெண்டு வாரம் கழிச்சு நிலைமை மாறலன்னா ஆஸ்பத்திரி ஆபீஸ்ல போய் "ரயில்வேல இருந்து வெரிஃபிகேஷன் கடிதம் வந்துச்சா"ன்னு கேளுங்க. பெரும்பாலும் அது யாரோ ஒருத்தர் மேசைல மத்த ஃபைலுக்கு அடில கிடக்கும், நேர்ல கேட்டா நகரும்.

அட்டை ரெடியானதும் தளத்துலயே டவுன்லோட் பண்ணிக்கலாம். கலர் பிரிண்ட் எடுத்து லேமினேட் பண்ணுங்க. அட்டை 5 வருஷம், இல்லன்னா சான்றிதழ் முடியற தேதி, எது முன்னாடி வருதோ அதுவரைக்கும்.

5. எந்த ரயில், எந்தக் கோச்

என் யோசனை: முடிஞ்ச வரைக்கும் தேர்ட் ஏசி போடுங்க. 75 சதவீதம் தள்ளுபடி ஸ்லீப்பருக்கும் தேர்ட் ஏசிக்கும் ஒண்ணுதான். அடிப்படைக் கட்டணம் 1000 ரூபான்னு வைங்க, சலுகை போக 250, ரிசர்வேஷன் 40, சூப்பர்ஃபாஸ்ட் 45, ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து சுமார் 350 ரூபா. ஸ்லீப்பர்ல அடிப்படை 400ன்னா சலுகை போக 100, ரிசர்வேஷன் 20, சூப்பர்ஃபாஸ்ட் 30, ஆக 150. கணக்கைப் பாத்தீங்கன்னா தெரியும், தள்ளுபடி அடிப்படைக் கட்டணத்துக்கு மட்டும்தான், மத்த சார்ஜ் எல்லாம் முழுசா கட்டணும். ஆனா ஸ்லீப்பர்ல பகல்ல ஏறற கூட்டம் நடைபாதைய அடைச்சுடும், வீல்சேர்ல இருந்து பெர்த்துக்கு மாத்தற அந்த ரெண்டு நிமிஷம் வழி வேணும் நமக்கு.

மெயில், எக்ஸ்பிரஸ் ரயில் பலதுல மாற்றுத்திறனாளிகளுக்குன்னு தனிப் பெட்டி இருக்கும், ரயிலோட முன் கோடில அல்லது கடைசில. அகலமான கதவு, அகலமான டாய்லெட், கைப்பிடி எல்லாம் அதுல இருக்கும், ஆனா ரிசர்வேஷன் கிடையாது. பகல் நேர சின்ன தூரத்துக்கு அது நல்லது. ராத்திரிப் பயணத்துக்கு நான் சொல்ல மாட்டேன், மத்தவங்க ஏறி உக்காந்துக்கறாங்க. அப்படி உக்காந்திருந்தா ரயில்வே உதவி எண் 139க்கு அடிச்சு சொல்லுங்க, ரயில்வே பாதுகாப்புப் படை வந்து இறக்கும், ஒதுக்கப்பட்ட பெட்டில ஏறறது ரயில்வே சட்டம் 155ஆவது பிரிவுல குற்றம்.

வந்தே பாரத்ல ரெண்டு கோடிப் பெட்டிலயும் அகலமான டாய்லெட்டும் வீல்சேருக்கு இடமும் இருக்கு, ஏறிப் போக சுகம், ஆனா கட்டணச் சலுகை கிடையாது.

ரயில் புறப்படற ஸ்டேஷன்லயே ஏறப் பாருங்க. நடு வழில ரெண்டு நிமிஷம் நிக்கற ஸ்டேஷன்ல ஆளையும் சேரையும் பையையும் ஏத்தறதுங்கறது உயிரைப் பணயம் வைக்கற வேலை. வீட்டுக்குப் பக்கத்து ஸ்டேஷன்ல ரெண்டு நிமிஷம் நிக்குது, 30 கிலோமீட்டர் தள்ளி ஜங்ஷன்ல 10 நிமிஷம் நிக்குதுன்னா ஜங்ஷனுக்கே போங்க.

6. டிக்கெட் போடறது

புக்கிங் 60 நாள் முன்னாடி காலைல 8 மணிக்குத் திறக்கும். ஐஆர்சிடிசி கணக்குல ஆதாரை முன்னாடியே சரிபார்த்து வைங்க, திறக்கற நேரத்துல அந்தக் கணக்குகளுக்குத்தான் முதல் வாய்ப்பு. கோட்டா இடத்துல மாற்றுத்திறனாளி கோட்டாவைத் தேர்ந்தெடுங்க, பயணி விவரத்துல சலுகையைத் தேர்ந்தெடுத்து ரயில்வே அட்டை எண்ணையும் முடியற தேதியையும் போடுங்க. பலரும் யுடிஐடி எண்ணை அங்க போட்டுட்டு ஏத்துக்கலயேன்னு தவிக்கறாங்க, அது வேற எண்.

துணைக்கு வர்றவரையும் அதே டிக்கெட்ல போடுங்க. தனித்தனியா போட்டா துணைக்குச் சலுகை வராது, பக்கத்துப் பெர்த்தும் வராது.

ஸ்லீப்பர்ல 4 பெர்த், தேர்ட் ஏசில 4 பெர்த் இந்தக் கோட்டாவுக்கு இருக்கு, ரெண்டுலயும் ரெண்டு லோயர் ரெண்டு மிடில். அதாவது ஒவ்வொரு வகுப்புலயும் ரெண்டு குடும்பத்துக்குத்தான் இடம். பொங்கல், தீபாவளி சமயம்னா திறந்த அன்னிக்கே போட்டுடணும். தட்கல்ல சலுகை கிடையாது, அதை நம்பி இருக்காதீங்க.

கட்டும்போது யுபிஐல கட்டினா கன்வீனியன்ஸ் சார்ஜ் கம்மி: ஏசி இல்லாத வகுப்புக்கு 10, ஏசிக்கு 20, கூட ஜிஎஸ்டி. கார்டுல கட்டினா 15, 30. ஆன்லைன் வராதுன்னா ரிசர்வேஷன் கவுண்டர்ல அட்டை ஜெராக்ஸோட போங்க, நீங்க மட்டும் போனாப் போதும், அவங்களைக் கூட்டிட்டுப் போகணும்னு இல்ல.

லோயர் பெர்த் கிடைக்கலன்னா பயணத்தை விட்டுடாதீங்க. காலியாகற லோயர் பெர்த்தை மாற்றுத்திறனாளிக்குக் குடுக்க டிடிஆருக்கு விதியே இருக்கு, ஏறினதும் கேளுங்க, பணிஞ்சு கெஞ்ச வேணாம், "விதி இருக்கு சார், பாத்துக் குடுங்க"ன்னு சொன்னாப் போதும்.

7. ஸ்டேஷனை ஒரு தடவை முன்னாடியே போய்ப் பாருங்க

இதை ஆடம்பரமா நினைக்காதீங்க. ஆட்டோ எங்க நிறுத்தலாம், ரேம்ப் எந்தப் பக்கம், லிஃப்ட் ஓடுதா, எத்தனாவது பிளாட்பாரம் வரைக்கும் லிஃப்ட் இருக்குன்னு கண்ணால பாருங்க. "லிஃப்ட் இருக்கு"ங்கறதும் "லிஃப்ட் ஓடுது"ங்கறதும் நம்ம ஊர்ல ஒண்ணு கிடையாது.

சென்னை சென்ட்ரல் கடைசி ஸ்டேஷன்ங்கறதால தண்டவாளம் முடியற பக்கமா தரையோட தரையா எல்லா மெயின் பிளாட்பாரத்துக்கும் போயிடலாம், படியே வேணாம். எழும்பூர் அப்படி இல்ல, பிளாட்பாரத்தைப் பொறுத்து மேம்பாலம் ஏறி இறங்கணும், அதனால எந்த பிளாட்பாரத்துல வருதுன்னு தெரிஞ்சுக்கறது முக்கியம். சென்னைல இருக்கறவங்க ஸ்டேஷன் வரைக்கும் மெட்ரோவை யோசிங்க, லிஃப்ட்ல இறங்கி பெட்டிக்குள்ள வீல்சேரோட அப்படியே போயிடலாம், என் தம்பி யார் கையும் படாம ஏறின முதல் ரயில் அதுதான்.

வீல்சேர் வேணும்னா நிலைய மேலாளர் அல்லது துணை நிலைய மேலாளர் ரூம்ல கேளுங்க, இலவசம், அடையாள அட்டை ஏதாவது வாங்கி வச்சுப்பாங்க. தள்ளறதுக்கு ஆள் வேணும்னா போர்ட்டர் கூலி தனி, ரேட் போர்டு பாத்துட்டு முன்னாடியே பேசிக்கோங்க. பெரிய ஸ்டேஷன்ல பேட்டரி கார் இருக்கும், அதுக்கு காசு, ஆனா வீல்சேரை மடக்கித்தான் வைக்கணும், உக்கார்ந்தபடி ஏற முடியாது.

8. ஏறற அன்னிக்கு

ஒரு மணி நேரம் முன்னாடி ஸ்டேஷன்ல இருங்க. ரயில்வே அட்டை ஒரிஜினல், ஆதார், துணைக்கு வர்றவரோட அடையாள அட்டை மூணும் மேல் பையில. அட்டை இல்லாம சலுகை டிக்கெட்ல போனா முழுக் கட்டணமும் அபராதமும் கேப்பாங்க.

பிளாட்பாரம் எவ்வளவு உயரமா இருந்தாலும் பெட்டியோட தரை அதுக்கும் மேலதான் இருக்கும், நடுவுல இடைவெளி வேற. மடக்கற ரேம்ப் வச்சிருக்கற ஸ்டேஷன் சிலது இருக்கு, கேட்டுப் பாருங்க. இல்லன்னா தூக்கித்தான் ஏத்தணும். சாதாரண வீல்சேர் ஸ்லீப்பர், ஏசி கோச் நடைபாதைல போகாது, கதவுகிட்டயே நின்னுடும். அதனால நாங்க பண்றது: கெட்டியான துணில கைப்பிடி தைச்சு வச்சிருக்கோம், அவன் அடில விரிச்சு முன்னாடி ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் பிடிச்சு நேரா பெர்த்துக்கு. கக்கத்துல கை குடுத்துத் தூக்கறது தசைச்சிதைவு இருக்கறவங்களுக்கு ஆபத்து, தோள் விலகிடும்.

போர்ட்டர் உதவிக்கு வந்தா, எப்படித் தூக்கணும்னு வீல்சேர்ல இருக்கறவங்களையே சொல்ல விடுங்க. தம்பி ஒரு தடவை சொன்னான், "அக்கா, எல்லாரும் உன்கிட்டயே கேக்கறாங்க, வலிக்கறது எனக்கு"ன்னு. அதுல இருந்து யார் வந்தாலும் "அண்ணே, அவன்கிட்ட கேளுங்க, அவன் சொல்வான்"னு மட்டும் சொல்லிட்டு நான் ஒதுங்கிடறேன். தூக்கறதும் சுலபமாயிடுச்சு.

9. ரயிலுக்குள்ள

டாய்லெட்தான் பெரிய கஷ்டம், இதைச் சொல்லாம விட்டா இந்தக் கட்டுரை எழுதி பிரயோஜனம் இல்ல. சாதாரண கோச் டாய்லெட்டுக்குள்ள வீல்சேர் போகாது, துணைக்கு ஒருத்தர் சேர்ந்து நிக்கவும் இடம் இருக்காது. ஆம்பளைங்கன்னா யூரின் கேன், பெட்ஷீட் மறைப்பு. பொம்பளைங்கன்னா பெரியவங்க டயப்பர்தான் இன்னிக்கு இருக்கற வழி, அப்பவும் ஓடற ரயில்ல மாத்தறது ரொம்பக் கஷ்டம், அதனால 6, 7 மணி நேரத்துக்குள்ள முடியற பயணமா பிரிச்சுக்கோங்க. இதுக்கு பயந்து முதல் நாள்ல இருந்தே தண்ணி குடிக்காம வர்றவங்க இருக்காங்க, அதைப் பண்ணாதீங்க, யூரின் இன்ஃபெக்ஷன் வந்தா ஆஸ்பத்திரில கிடக்கணும். கொஞ்சம் கொஞ்சமா குடிச்சுட்டே வாங்க.

ஒரே பக்கமா படுத்திருந்தா புண் வரும், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்பிப் படுக்க வைங்க. மடக்கின வீல்சேரை லோயர் பெர்த்துக்கு அடில தள்ளலாம், போகலன்னா கதவுப் பக்கம் வச்சு சங்கிலி போட்டுடுங்க.

10. இறங்கறது, அதுக்கப்புறம்

இறங்கற ஸ்டேஷனுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி 139ல சொல்லுங்க, கோச் நம்பர், பெர்த் நம்பர், வீல்சேர் வேணும்னு. அதோட டிடிஆர் கிட்டயும் சொல்லுங்க. ரெண்டு பக்கமும் சொல்லி வச்சாத்தான் ஒண்ணாவது நடக்கும். அதிகாலை ஸ்டேஷன்னா ஊர்ல இருக்கற சொந்தக்காரங்க ஒருத்தரை பிளாட்பாரத்துக்கு வரச் சொல்றது இன்னும் நல்லது, பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துட்டு வரட்டும்.

லிஃப்ட் ஓடலன்னாலோ, வீல்சேர் இல்லன்னு சொன்னாலோ, வாயால சண்டை போட்டுட்டு வந்துடாதீங்க, ரயில் மதத் ஆப்ல போட்டோவோட புகார் போடுங்க. புகார் நம்பர் வரும், அதுக்கு பதில் சொல்லியே ஆகணும். ஒரு குடும்பம் போட்டா ஒதுக்குவாங்க, அந்த ஸ்டேஷன்ல ஏறற பத்து குடும்பம் போட்டா லிஃப்ட் ரிப்பேர் ஆகும்.

வீட்டுக்கு வந்ததும் போன் காலண்டர்ல ரயில்வே அட்டை முடியற தேதிக்கு மூணு மாசம் முன்னாடி ஒரு அலாரம் வைங்க. புதுப்பிக்கறதும் அதே தளத்துலதான், சான்றிதழ் காலம் இன்னும் இருந்தா புதுசா டாக்டர்கிட்ட போக வேண்டியதில்ல. சான்றிதழும் சேர்ந்து முடியுதுன்னா மறுபடி 3ஆவது படில இருந்து ஆரம்பிக்கணும், இந்தத் தடவை போட்டோ மேல சீல் விழுந்திருக்கான்னு அந்த ரூம்லயே பாத்துடுங்க.